கீச் பொம்மை என்றால் நாய்க்கு ஏன் இவ்வளவு குஷி? எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது?

புதுக் கீச் பொம்மையைக் கையில் எடுத்து ஒரு முறை அழுத்துங்கள். நாயின் தலை ஒரு பக்கம் சாயும், காதுகள் முன்னால் வரும், அடுத்த கணம் பொம்மை அதன் வாயில். முன்னங்கால் இரண்டாலும் தரையோடு அமுக்கிப் பிடித்து, கடைவாயில் வைத்துக் கீச், கீச், கீச் என்று விடாமல் கடிக்கும். நடுநடுவே கவ்வித் தூக்கித் தலையை இரண்டு பக்கமும் வேகமாக உதறும். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் தரையெல்லாம் பஞ்சு. அந்தப் பஞ்சுக்குள் மூக்கை விட்டு நாய் எதையோ தேடிக்கொண்டிருக்கும். தேடுவது அந்தச் சத்தம் வந்த இடத்தைத்தான்.

நமக்கு இது அட்டகாசம். நாயைப் பொறுத்தவரை ஒரு வேலையை முறைப்படி, வரிசை மாறாமல் செய்து முடித்திருக்கிறது. இது பிடிபட்டுவிட்டால், எந்தப் பொம்மை வாங்குவது, எதைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவது, எப்போது வாயிலிருந்து வாங்கி வைப்பது என்பதெல்லாம் பெரும்பாலும் விளங்கிவிடும். காரணம், கீச் பொம்மையில் நாய்க்கு மிகவும் பிடித்த பாகமும் அதற்கு மிகவும் ஆபத்தான பாகமும் ஒன்றேதான்: உள்ளே இருக்கும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டு.

வேட்டையில் எட்டுப் படிகள்

நாய்களின் வேட்டைக் குணத்தை ஒரு வரிசையாகப் பிரித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர். இரை இருக்கும் திசையைக் கவனிப்பது, வைத்த கண் வாங்காமல் பார்ப்பது, பதுங்கிப் போவது, துரத்துவது, கவ்வுவது, கடித்துக் கொல்வது, கிழிப்பது, தின்பது. ஓநாயிடம் இந்த வரிசை முழுதாக இருக்கிறது. நாயை வளர்த்த மனிதர்கள் தங்கள் வேலைக்கு வேண்டிய படியைத் தூக்கிப் பிடித்து, வேண்டாததை மழுங்கடித்தார்கள். ஆடு மேய்க்கும் பார்டர் கோலி முறைக்கும், பதுங்கும், துரத்தும். அதற்கு மேல் போனால் ஆடு மிஞ்சாது. சுட்ட பறவையை எடுத்து வரும் ரெட்ரீவர் வகைகள் பறவை நசுங்காமல் மென்மையாகக் கவ்வப் பழக்கப்பட்டவை. எலி பிடிக்க வளர்க்கப்பட்ட டெரியர்களின் கதை வேறு. கவ்வு, உதறு, போடு, அடுத்தது எங்கே என்று பார். மந்தைக்குக் காவல் இருக்கும் நாய்களிடம் இந்த வரிசையே பெரும்பாலும் அடங்கிப்போயிருக்கும். கீச் பொம்மையை அவற்றின் முன் போட்டால் ஒரு முறை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொள்வதும் உண்டு.

தலையை உதறும் அந்த அசைவு சும்மா வந்ததில்லை. சிறு இரையின் கழுத்தை முறிக்கும் அசைவு அது. பிடிபட்ட சிறு பிராணி போடும் சத்தம் பொதுவாகக் குறுகியதாகவும் உச்சஸ்தாயியிலும் இருக்கும். அதே வகைச் சத்தம்தான் பொம்மைக்குள்ளிருந்தும் வருகிறது. நாயின் காது இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. மனிதக் காதுக்கு மேல் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். நாய்க்கு அது ஏறக்குறைய 45,000. பயந்த எலி எழுப்பும் ஒலிகளில் ஒரு வகை 22,000 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். நமக்கு அங்கே மௌனம். நாய்க்குத் தெளிவாகக் கேட்கும்.

அப்படியானால் பொம்மைக்கு உயிர் இருப்பதாக நாய் நம்பி ஏமாறுகிறதா? அப்படிச் சொல்ல முகாந்திரம் இல்லை. மூக்கால் உலகத்தை அறியும் பிராணி அது. பொம்மையில் வீசுவது ரப்பர் வாடையும் அதன் சொந்த எச்சில் வாடையும்தான். வயிறு நிரம்பிய நாயும் விளையாடுகிறது. கொன்று முடித்த பொம்மையைக் கொண்டுவந்து உங்கள் மடியில் போட்டு, 'இன்னொரு தடவை எறி' என்று வாலாட்டுகிறது. உண்மையான இரையை யாரும் இப்படித் திரும்ப ஓடவிடச் சொல்வதில்லை. வேட்டையின் அசைவுகளைப் பசியோ கோபமோ இல்லாமல் செய்து பார்ப்பதுதான் இந்த விளையாட்டு. அந்த அசைவுகளைச் செய்வதே நாய்க்கு இன்பம் தருகிறது. கீச் பொம்மை கொடுத்தால் நாய்க்கு ரத்தவெறி பிடித்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கும் இதுவே பதில். என்றாலும், வீட்டில் முயல், கினிப் பன்றி, வெள்ளெலி போன்ற பிராணிகளும் இருந்தால், கீச் சத்தத்தில் கிறங்கிக் கிடக்கும் நாயை அவற்றோடு தனியாக விடாதீர்கள். அந்தக் குணம் நாய்க்குள் ஏற்கெனவே இருக்கிறது, பொம்மை அதை உங்களுக்குக் காட்டிக்கொடுக்கிறது.

வேட்டை மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. கடித்தால் சத்தம். மறுபடி கடித்தால் மறுபடி சத்தம். மெல்ல அழுத்தினால் இழுவையாக, வெடுக்கென்று கடித்தால் கூர்மையாக. ஒரு செயலுக்கு விளைவு உடனே கிடைத்தால் அந்தச் செயல் வலுப்படும் என்பது உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் காலத்திலிருந்து நன்றாக நிறுவப்பட்ட விஷயம். விளைவு உணவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஒரு சத்தமே போதும். கீச் நின்றுபோன பொம்மையை நாய் இரண்டு தடவை சோதித்துப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போவதைக் கவனித்திருப்பீர்கள். பதில் சொல்லாத ஒன்றோடு என்ன பேச்சு?

அப்புறம் நாம் இருக்கிறோம். நாய் அமைதியாகப் படுத்திருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்கள் போனில் பேசும்போது கீச் பொம்மையை எடுத்தால் போதும், ஒருவர் அதட்டுவார், ஒருவர் சிரிப்பார், ஒருவர் எழுந்து வந்து பிடுங்கப் பார்ப்பார். மூன்றுமே நாய்க்கு லாபம். சில நாய்கள் போன் மணி அடித்த கையோடு பொம்மையைத் தேடிப் போவது இப்படிக் கற்றுக்கொண்டதுதான்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஜான் பிராட்ஷாவும் உடன் பணியாற்றியவர்களும் கூண்டுகளில் தங்கியிருந்த நாய்களிடம் பொம்மைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். எளிதாகக் கடிக்க வருகிற, சத்தம் போடுகிற பொம்மைகளையே நாய்கள் அதிகம் விரும்பின. லாப்ரடார்களை வைத்துச் செய்த இன்னொரு சோதனையில், அதே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது அவற்றின் ஆர்வம் சீக்கிரமே வடிந்துபோனது. நிறமோ வாடையோ மாறிய வேறொரு பொம்மை வந்ததும் ஆர்வம் மீண்டது. என்ன செய்தாலும் மாறாத, கிழியாத, சத்தமும் போடாத ஒரு பொருளை நாய் சீக்கிரம் கைவிடுகிறது. பிய்ந்து வருகிற பொருளை விடுவதில்லை. கீச் பொம்மையின் கவர்ச்சியும் அங்கேதான், சிக்கலும் அங்கேதான்.

எல்லா நாய்க்கும் இது ஒத்துவராது. குட்டிகள் ஒன்றோடொன்று விளையாடும்போது கடி கொஞ்சம் பலமாகிவிட்டால் கடிபட்ட குட்டி கீச்சென்று கத்தும், கடித்த குட்டி விட்டுவிடும். இந்தப் பாடத்தை ஆழமாகக் கற்ற நாய் பொம்மை கத்தியதும் திகைத்து, அதைக் கீழே போட்டுவிட்டு உங்களைப் பார்க்கலாம். சத்தத்துக்குப் பயந்து அடுத்த அறைக்கு ஓடும் நாயும் உண்டு. அதனிடம் மேலும் மேலும் அழுத்திக் காட்டிச் சிரிப்பது கொடுமை. சத்தமில்லாத பொம்மைகள் நிறையவே இருக்கின்றன.

இன்னொரு விஷயம். கருத்தடை செய்யாத பெண் நாய் சில சமயம் கீச் பொம்மையைக் கடிக்காமல், மெதுவாகக் கவ்விக்கொண்டு வீடு முழுக்க அலையும். மூலையில் துணிகளைக் குவித்து அதில் வைத்துக் காக்கும், முனகும், யாராவது அருகில் வந்தால் உறுமும். இணை சேரும் பருவம் முடிந்து சில வாரங்கள் கழித்து வரும் பொய்ச்சினையின், அதாவது சினையாகாமலே சினையானது போல உடம்பு நடந்துகொள்வதன், அடையாளம் இது. பொம்மையைக் குட்டியாகப் பாவிக்கிறது. பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அதுவரை கீச் பொம்மைகளை, நாய் பார்க்காத நேரத்தில், எடுத்து ஒளித்துவைப்பது நல்லது. மடியில் பால் கட்டினாலோ உறுமல் அதிகமானாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

உள்ளே இருப்பது என்ன

பஞ்சு பொம்மை ஒன்றை வெட்டிப் பார்த்தால், நடுவே சின்னத் தலையணை போல மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கும். அதன் ஒரு முனையில் வெள்ளையாக ஒரு குழல். குழலுக்குள் மெல்லிய தகடு. உறையை அழுத்தினால் காற்று குழல் வழியாகப் போகும், தகடு அதிர்ந்து கீச்சிடும். கையை எடுத்தால் காற்று உள்ளே திரும்பும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். வினைல் அல்லது லேடக்ஸ் பொம்மைகளில் பொம்மையின் வயிறே காற்றுப் பை. அடிப்பக்கத்துத் துளையில் வட்டமான ஒரு கீச்சுவில்லையைச் செருகியிருப்பார்கள். அந்த வில்லைதான் நகத்தால் நெம்பினாலே பெயர்ந்து வந்துவிடும். நாய்க்கு நகம் தேவையில்லை, முன்பல் போதும்.

தடித்த ரப்பர் பொம்மைகள் சிலவற்றில் தனியாகச் செருகிய வில்லையே இருக்காது. ரப்பருக்குள்ளேயே கீச்சுப் பாகத்தை வார்த்திருப்பார்கள். கடித்துக் குதறும் நாய்களுக்கு இவை கொஞ்சம் தேவலை. ஓட்டை விழுந்தாலும் சத்தம் போடும் கீச்சு உறைகள் கொண்ட பஞ்சு பொம்மைகளும் கிடைக்கின்றன. அவை பொம்மையின் ஆயுளைக் கூட்டும். ஆனால் விழுங்கினால் ஆபத்து ஆபத்துதான். மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியில் கீச்சிடுபவையும் வந்திருக்கின்றன. வீட்டிலுள்ளவர்களின் நிம்மதிக்கு நல்ல ஏற்பாடு. விழுங்கும் விஷயத்தில் இவற்றுக்கும் எந்தச் சலுகையும் இல்லை.

நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்வது பட்டன் பேட்டரி போட்ட சத்தப் பொம்மைகளை. கோழி போலக் கொக்கரிக்கும், சிரிக்கும், விளக்கு மின்னும். பார்க்க ஜோராக இருக்கும். உள்ளே இருக்கும் பேட்டரி உணவுக் குழாயில் சிக்கினால் மிகக் குறைந்த நேரத்திலேயே திசுவைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். கீச்சு உறை அடைப்பைத்தான் உண்டாக்கும், பேட்டரி ஓட்டையே போட்டுவிடும்.

உங்கள் நாய் எந்தப் படியில் நிற்கிறது?

பொம்மை அட்டையில் 'சிறிய நாய்க்கு', 'பெரிய நாய்க்கு' என்று போட்டிருப்பார்கள். அளவு முக்கியம்தான், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி, மேலே சொன்ன எட்டுப் படிகளில் உங்கள் நாய் எதுவரை போகிறது என்பது. இதைக் கண்டுபிடிக்க ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தால் போதும்.

துரத்திப் போய்க் கவ்விக்கொண்டு வந்து கொடுப்பதோடு திருப்தியடையும் நாய்க்குப் பஞ்சு பொம்மையே ஆண்டுக்கணக்கில் உழைக்கும். கவ்வி உதறும் நாய்க்கு நீளமாகத் தொங்கும், பஞ்சே இல்லாத தட்டைப் பொம்மை குதூகலம் தரும். உதறும்போது அது முகத்தின் இரு பக்கமும் அறைவதுகூட விளையாட்டின் பகுதிதான். கடித்துக் கிழிக்கும் நாய் என்றால் தடித்த ரப்பருக்குப் போய்விடுங்கள். பஞ்சு பொம்மையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நீங்கள் எதிரில் இருக்கும்போது மட்டும். கிழித்ததை விழுங்கும் நாய் கடைசிப் படிக்கே போகிறது. அதற்குக் கீச்சு உறை உள்ள பொம்மையே வேண்டாம் என்பது என் கட்சி. கிழிக்கும் ஆசையைத் தீர்க்க, ஒட்டுநாடாவையும் ஸ்டேப்ளர் பின்களையும் அகற்றிய அட்டைப் பெட்டிக்குள் அதன் தீனியைப் போட்டு மூடிக் கொடுக்கலாம். அதையும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே நாய் எல்லா வயதிலும் ஒரே மாதிரி இருக்காது. மூன்று மாதத்திலிருந்து ஆறு, ஏழு மாதம் வரை பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் பருவம். ஈறு நமநமக்கும், எதையும் மென்று தள்ளும். குட்டியாக இருந்தபோது பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கிய அதே நாய் ஒரு வயதில் அதை நார்நாராகக் கிழிக்கலாம்.

இப்போது அளவு. பொம்மை முழுதாக நாயின் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் போகவே முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். பந்து விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. எச்சிலில் நனைந்து வழுக்கும் உருண்டை தொண்டையில் இறங்கி மூச்சுக் குழலை மூடிவிட்டால், கையைவிட்டு எடுக்கவும் பிடி கிடைக்காது. சின்ன நாயும் பெரிய நாயும் ஒன்றாக வளரும் வீட்டில் பெரிய நாயின் வாய்தான் கணக்கு. சின்னதின் பொம்மையைப் பெரியது எடுக்கத்தான் போகிறது. உள்ளீடற்ற ரப்பர் பந்தில் ஒரே ஒரு துளை மட்டும் இருந்தால் அதையும் வாங்காதீர்கள். நாக்கு அந்தத் துளைக்குள் போய், உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு, உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்று நாக்கு வீங்கிய சம்பவங்கள் உண்டு. இரண்டாவது துளை இருந்தால் காற்று உள்ளே வரும், உறிஞ்சல் ஏற்படாது.

ரொம்பக் கடினமானதும் கூடாது. நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பள்ளம் விழ வேண்டும் என்பது பல் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் எளிய சோதனை. நகம் இறங்காத பிளாஸ்டிக்கைக் கடித்தால் மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல் பக்கவாட்டில் செதில் செதிலாகப் பெயரும். வலியை நாய் வெளியே காட்டிக்கொள்ளாது என்பதால் பல நாட்கள் கழித்தே தெரியவரும்.

ஒட்டிய கண், பொத்தான் மூக்கு, ரிப்பன், மணி இதெல்லாம் கடையில் நம் கண்ணைப் பிடிப்பதற்காக இருப்பவை. வாங்கி வந்ததும் வெட்டி எறிந்துவிட்டுக் கொடுங்கள். நாய் குறை சொல்லாது. நூலும் கயிறும் இன்னும் மோசம். விழுங்கிய நூலின் ஒரு முனை எங்காவது மாட்டிக்கொண்டால், மிச்ச நீளத்தின் மேல் குடல் துணிச் சுருக்கு போலக் கொசுவிக்கொள்ளும், பிறகு அறுபடும். பிரிந்த கயிற்றுப் பொம்மை குப்பைக்குத்தான்.

நிறத்தைப் பற்றி ஒரு வரி. நாயின் கண் நீலத்தையும் மஞ்சளையும் நன்றாகப் பிரித்தறியும். சிவப்பும் பச்சையும் அதற்குக் குழம்பும். 1989இல் பார்வை ஆய்வாளர் ஜே நைட்ஸும் உடனிருந்தவர்களும் சோதித்து உறுதிசெய்தது இது. புல்தரையில் எறிய நீலப் பொம்மை வாங்குங்கள். சிவப்புப் பொம்மையை அது மூக்கால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ரசாயனம் பற்றியும் சொல்ல வேண்டும். வினைலை மிருதுவாக்கத் தாலேட் வகைச் சேர்மங்களைச் சேர்ப்பது வழக்கம். குழந்தைப் பொம்மைகளில் இவற்றில் சிலவற்றை 0.1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் சட்டம் போட்டிருக்கின்றன. அந்தச் சட்டங்கள் நாய்ப் பொம்மைக்குப் பொருந்தாது. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய்களுக்கான பொம்மைகளையும் பயிற்சிப் பொருட்களையும் செயற்கை உமிழ்நீரில் வைத்துச் சோதித்தபோது, தாலேட்டுகளும் பிஸ்ஃபீனால் ஏ என்ற சேர்மமும் அதில் கசிந்தன. இதனால் நாய்க்கு எவ்வளவு கெடுதல் என்று அந்தச் சோதனை சொல்லவில்லை. என்றாலும் பையைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் பிளாஸ்டிக் வாடை அடிக்கிற பொம்மையைத் திருப்பிக் கொடுக்கத் தயங்க வேண்டாம். 'குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது' என்ற வாசகம் இருந்தால் ரசாயன விஷயத்தில் ஓரளவு நம்பலாம். கடி தாங்கும் என்று அதற்கு அர்த்தமில்லை, குழந்தைக்கு 42 பல் கிடையாது.

கொடுத்த பிறகு

கீச் பொம்மையை எப்போதும் தரையில் கிடக்கவிடாமல் எடுத்துவைத்து, நேரம் பார்த்துக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. இதில் இரண்டு லாபம். நாய் தனியாக இருக்கும்போது கிழித்து விழுங்க வழி இல்லை. கொஞ்ச நாள் கண்ணில் படாத பொம்மை திரும்பி வரும்போது புதிதாகத் தோன்றும். நாலைந்தை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கொடுத்தால் போதும், கடைக்கு அலைய வேண்டாம். துவைக்கக்கூடியதைத் துவைத்து, நன்றாக உலர்த்திக் கொடுங்கள். எச்சில் ஊறிய பஞ்சில் பூஞ்சை பிடிக்கும்.

திரும்ப வாங்கும்போது பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் அடுத்த முறை பொம்மையோடு கட்டிலுக்கு அடியில் போய்விடும். அவசரமாக விழுங்கவும் செய்யும். கையில் ஒரு துண்டுத் தீனியைக் காட்டி 'விடு' என்று சொல்லுங்கள். விட்டதும் தீனி. சில சமயம் பொம்மையையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், விட்டால் போய்விடாது என்று அதற்கும் தெரிய வேண்டும். இரண்டு நாய்கள் இருந்து, பொம்மைக்காக ஒன்று மற்றதைப் பார்த்து உடம்பை விறைத்தால், தனித்தனி அறையில் கொடுப்பதுதான் வழி. விளையாட்டு முடிந்த பிறகும் அடங்காமல், பொம்மை இருக்கும் அலமாரியையே பார்த்து அனத்திக்கொண்டிருக்கும் நாய்க்கு நேரத்தைக் குறைத்து, நடையும் மோப்ப விளையாட்டும் கூட்டுங்கள்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் பொம்மை கிழிந்து கிடக்கிறது, கீச்சு உறையைக் காணோம். முதலில் பஞ்சு, படுக்கை, சோபாவுக்கு அடி எல்லாம் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் விழுங்கிவிட்டதாகவே வைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடுங்கள், அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். பெரிய நாய்க்குச் சின்னத் துண்டு மலத்தோடு வெளியே வந்துவிடலாம். சின்ன நாய்க்கு அதே துண்டு குடலை அடைக்கலாம். எது நடக்கும் என்று வீட்டிலிருந்து முடிவுசெய்ய முடியாது. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். உப்பே விஷமாகிவிடும், பிளாஸ்டிக் முனை வரும் வழியில் கீறவும் செய்யும். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பிடாமை, வயிற்றைத் தொட்டால் சுருங்குவது, மலம் போகாமை, சோர்ந்து படுப்பது இவற்றில் எது தெரிந்தாலும் இரவு பகல் பார்க்காமல் கிளம்ப வேண்டியதுதான். இரைப்பையில் இருக்கும்போதே போனால் பல சமயம் எண்டோஸ்கோப்பியிலேயே எடுத்துவிடலாம், குடலுக்கு இறங்கி அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை. பிளாஸ்டிக் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கேனும் தேவைப்படும். ஆகவே கிழிந்த பொம்மையின் மிச்சத்தை ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். அதே பொம்மை இன்னொன்று வீட்டில் இருந்தால் அதையும். எந்த அளவில், எந்த வடிவில் ஒரு பொருளைத் தேட வேண்டும் என்று டாக்டர் பார்த்ததும் புரிந்துகொள்வார்.